டயர் எந்த இடத்தில் தேய்கிறது? அறிகுறியை வைத்துக் காரின் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

டயர் தேய்ந்தால் கடைக்குப் போய்ப் புதிது மாட்டிக்கொண்டு வருவதுதான் பலரின் வழக்கம். 40,000 கி.மீ. ஓட வேண்டிய டயர் 20,000-லேயே மொட்டையானால் டயர் கம்பெனியைத் திட்டுகிறோம். ஆனால் பெரும்பாலும் குற்றம் டயரில் இல்லை. காற்றழுத்தம், அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்), ஷாக் அப்சார்பர் (குதிப்பை அடக்கும் பாகம்), புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர்) என்று வேறெங்கோ இருக்கும் கோளாறு டயரில் வந்து தெரிகிறது. அந்தக் கோளாறைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே இடத்தில், அதே வேகத்தில் தேயும். ஆகவே பழைய டயரைக் கழற்றிப் போடுவதற்கு முன் அது எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

முதலில் அளவு எடுங்கள்

புது கார் டயரில் பள்ளத்தின் ஆழம் பொதுவாக 7 முதல் 8 மி.மீ. இருக்கும். சட்டப்படி இது 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. அந்த எல்லையைக் காட்டுவதற்காகவே பெரிய பள்ளங்களின் அடியில் சிறு ரப்பர் மேடுகளை வார்த்திருப்பார்கள். டயரின் தோள் பகுதியில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ, சிறு முக்கோணமோ, கம்பெனியின் முத்திரையோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் பார்த்தால் மேடு தெரியும். பட்டனும் (பள்ளங்களுக்கு இடையே சாலையைத் தொடும் ரப்பர் கட்டி) அந்த மேடும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த டயர் அவ்வளவுதான்.

1.6 மி.மீ. என்பது சட்டம் பொறுத்துக்கொள்ளும் கடைசி எல்லை. மழைக்கு அது போதாது. சாலையில் நிற்கும் தண்ணீரைப் பள்ளங்கள் வாங்கிப் பக்கவாட்டில் தள்ளினால்தான் ரப்பர் தார் மீது உட்காரும். 3 மி.மீ.க்குக் கீழே போனபின் அந்தத் தண்ணீரை வாங்க இடம் போதாமல் ஈரச் சாலையில் பிரேக் தூரம் கூடிக்கொண்டே போகும். தேங்கிய நீரில் வேகமாகப் போனால் டயர் தண்ணீர் மேலேயே மிதந்து ஸ்டீயரிங் கைவசம் இல்லாமல் போகும். அதனால் தமிழ்நாட்டில் கார் ஓட்டுபவர்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் அளந்துவிடுவது நல்லது. 3 மி.மீ.யை நெருங்கியிருந்தால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். ஜனவரி வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தால், டயர் மிக மோசமாக இருக்கும் மாதங்களும் சாலை மிக மோசமாக இருக்கும் மாதங்களும் ஒன்றாக வந்து சேரும்.

“இன்னும் 4 மி.மீ. இருக்கே, பாதி டயர் மிச்சம்” என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. 8 மி.மீ. டயரில் சட்டப்படி பயன்படுத்தக் கூடியது 6.4 மி.மீ. மட்டுமே. 4 மி.மீ. இருக்கும்போது அதில் மீதமிருப்பது 2.4. 3 மி.மீ.யில் மாற்றுபவர்களுக்கு மிச்சம் வெறும் 1 மி.மீ.

அளக்க டயர் ஆழமானி வாங்கிக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்தான். வெர்னியர் காலிப்பர் இருந்தால் அதன் பின்முனையில் நீளும் மெல்லிய கம்பியே போதும். இரண்டும் இல்லையென்றால் ஒரு பல்குத்தியைப் பள்ளத்தின் அடிவரை செங்குத்தாக விட்டு, பட்டன் மட்டத்தில் நகத்தால் அழுத்திப் பிடித்து, ஸ்டீல் ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் நாணயச் சோதனை அந்த ஊர் நாணயத்தின் அச்சை வைத்துச் செய்வது. நம் ரூபாய் நாணயத்துக்குப் பொருந்தாது.

ஒவ்வொரு டயரிலும் உள் ஓரப் பள்ளம், நடுப் பள்ளம், வெளி ஓரப் பள்ளம் என மூன்று அளவு வேண்டும். பிறகு காரைச் சற்று உருட்டி, டயரின் சுற்றில் இன்னும் இரண்டு இடங்களில் அதே மூன்றையும் எடுங்கள். அளக்கும்போது முனை அந்த ரப்பர் மேட்டின் மீது உட்கார்ந்துவிடக் கூடாது. உட்கார்ந்தால் அளவு 1.6 குறைத்துக் காட்டும். பள்ளத்தில் சிக்கிய சிறு கற்களையும் முதலில் நெம்பி எடுத்துவிட வேண்டும்.

உள் ஓரம்தான் யார் கண்ணிலும் படாத இடம். முன் டயருக்கு ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் ஒரு டயரின் உள் ஓரம் வெளியே தெரியும். மறுபக்கம் திருப்பினால் மற்றது. பின் டயருக்குக் கைப்பேசியை டார்ச்சோடு காருக்கு அடியில் நீட்டி, டயரின் பின்புறத்திலிருந்து படம் எடுத்துப் பாருங்கள். நின்றபடி பார்த்தால் நல்ல பட்டனாகத் தெரியும் டயர், உள்ளே நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கலாம்.

எடுத்த அளவுகளை எழுதி வையுங்கள்: “இடது முன்: உள் 3, நடு 5, வெளி 5.” ஒரே டயரின் குறுக்கே 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கீழே உங்கள் டயருக்குப் பொருந்தும் அறிகுறியைத் தேடுங்கள்.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால்

காற்று குறைவு. அழுத்தம் குறைந்த டயரின் நடுப்பகுதி லேசாக உள்வாங்க, கார் எடை முழுவதும் இரு ஓரங்களில் விழுகிறது. பக்கச் சுவரும் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அதனால் டயர் சூடாகிறது.

வெயில் காலத்தில் டயர் வெடித்துவிடும் என்று பயந்து காற்றைக் குறைத்து வைக்கும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. இது நேர் எதிரான வேலை. மே மாத வெயிலில், ஆள் நிறைந்த காரில், நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் காற்று குறைந்த டயர்தான் சூடேறி உள் அடுக்குகள் பிரிந்து வெடிக்கிறது.

சரியான அழுத்தம் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறம். பெரும்பாலான சிறிய கார்களுக்கு 30 முதல் 36 பி.எஸ்.ஐ.க்குள் வரும். முழுச் சுமைக்குத் தனி எண் போட்டிருப்பார்கள். ஐந்து பேரும் பெட்டிகளுமாக ஊருக்குப் போகும்போது அந்த எண்ணுக்கு மாற வேண்டும். டயரின் பக்கச் சுவரில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதை நிரப்பக் கூடாது.

அளக்க வேண்டியது குளிர்ந்த டயரில்: கார் 3 மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது 2 கி.மீ.க்குள் ஓடியிருக்க வேண்டும். ஓடிய சூட்டில் 4 முதல் 6 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டுவது இயல்பு. பங்க்கில் அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் குளிர்ந்தபின் குறைந்துபோகும். பங்க் மீட்டரை மட்டும் நம்பாமல் சொந்தமாக ஒரு மீட்டர் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலையில் கார் எடுக்கும் முன் பார்த்தால் போதும். நைட்ரஜன் நிரப்பினாலும் இந்தச் சோதனை தேவைதான். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்; அழுத்தம் சரியாக இருப்பதுதான் முக்கியம்.

ஒரே ஒரு டயரில் மட்டும் இப்படித் தேய்ந்திருந்தால் அதில் மெதுவாகக் காற்று கசிகிறது. சோப்புத் தண்ணீரை முதலில் வால்வின் வாயில், பிறகு வால்வின் அடி ரப்பரில், பிறகு டயரும் ரிம்மும் சேரும் வளையத்தில், கடைசியாகப் பட்டன் முழுவதும் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பழைய அலாய் வீலில் ரிம் ஓரம் அரித்துப்போய் அந்த வளையத்தில் கசிவது அடிக்கடி நடப்பது. டயரைக் கழற்றி ரிம்மைச் சுத்தம் செய்து மாட்டினால் நின்றுவிடும். டயர் மாற்றும்போதெல்லாம் ரப்பர் வால்வையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

நடுவில் மட்டும் தேய்ந்தால்

காற்று அதிகம். டயர் நடுவில் உப்பி, அந்தப் பட்டை மட்டும் சாலையைத் தொடுகிறது. மைலேஜ் கூடும் என்று 40 பி.எஸ்.ஐ. வரை ஏற்றுபவர்களின் கார்களில் இதைப் பார்க்கலாம். அழுத்தத்தை ஸ்டிக்கர் எண்ணுக்குக் கொண்டுவருவது தவிர வேறு வேலை இல்லை. ரிம்முக்குப் பொருந்தாத அகல டயரைப் போட்டிருந்தாலும் நடு தேயும். அழுத்தம் சரியாக இருந்தும் தேய்ந்தால் டயர் அளவைக் கார் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

உள் ஓரம் மட்டும் தேய்ந்தால்

அதிகம் ஏமாற்றுவதும் இதுதான், அதிகம் ஆபத்தானதும் இதுதான். காரணங்கள் இரண்டு. ஒன்று, முன் சக்கரங்களின் முன்பக்க விளிம்புகள் வெளிப்பக்கம் விலகி நிற்பது. இதை டோ-அவுட் என்பார்கள். மற்றது, சக்கரத்தின் தலைப்பகுதி உள்ளே சாய்ந்திருப்பது; இது நெகட்டிவ் கேம்பர். இரண்டில் டோ கோளாறுதான் டயரைச் சீக்கிரம் தின்னும். ஒரு சக்கரம் 0.2 டிகிரி திரும்பியிருந்தால்கூட, 1 கி.மீ. ஓடும்போது அது சுமார் 3.5 மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டுத்தான் வருகிறது. உருண்டபடியே உரசிக்கொண்டு போகும் ரப்பர் எத்தனை நாள் தாங்கும்?

நேராக அலைன்மென்ட் கடைக்குப் போகாதீர்கள். ஆட்டம் இருக்கும் பாகத்தோடு அலைன்மென்ட் செய்தால் கடையை விட்டு வெளியே வந்து முதல் வேகத்தடையிலேயே அளவு மாறிவிடும். முதலில் ஆட்டம் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் வைத்து, பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். காருக்கு அடியில் உடம்பை நுழைக்கக் கூடாது. சக்கரத்தைக் கடிகாரத்தின் 9 மணி, 3 மணி இடங்களில் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். டக் டக் என்று அசைந்தால் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை) அல்லது ஸ்டீயரிங் ராக்கின் உள் மூட்டு தேய்ந்திருக்கிறது. பிறகு 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். அதில் ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயின்ட் (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். எது என்று பிரித்தறிய ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள்: ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், தொடர்ந்தால் பால் ஜாயின்ட். சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ் கிழிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் நழுவுவது போல இருக்கும், பள்ளங்களில் ‘தட்’ என்ற சத்தம் வரும். இதை லிஃப்டில் ஏற்றிக் கடப்பாறையால் நெம்பிப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும்.

ஆட்டம் எதுவும் இல்லை, ஒரு சக்கரத்தில் மட்டும் உள் ஓரம் தேய்கிறது என்றால், அந்தப் பக்கம் பெரிய பள்ளத்திலோ சாலை நடுத்திட்டின் விளிம்பிலோ மோதி லோயர் ஆர்ம் அல்லது ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் அடங்கிய தூண்) வளைந்திருக்கலாம். நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் முன்பக்க கேம்பரைத் திருகி மாற்றும் வசதி இல்லை. ஸ்ட்ரட் போல்ட் துளையில் கிடைக்கும் இடைவெளி அளவுக்குத்தான் நகர்த்தலாம். அதற்கு மேல் சரியாகவில்லையென்றால் வளைந்த பாகத்தை மாற்றுவதே வழி. ஆர்மைத் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை வளைந்த இரும்பு அதே இடத்தில் மறுபடி விட்டுவிடும், அப்போது சக்கரமே சாய்ந்துவிடும்.

பின் டயரில் உள் ஓரம் தேய்ந்தால் கதை வேறு. பெரும்பாலான ஹேட்ச்பேக், சிறிய செடான் கார்களின் பின்புற அச்சு இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்புத் தண்டு. அதில் திருக எதுவும் இல்லை. வளைந்திருந்தால் ஷிம் எனப்படும் மெல்லிய தகடு வைத்துத் திருத்த வேண்டும், அல்லது அச்சையே மாற்ற வேண்டும். “பின்னாடி அலைன்மென்ட் பண்ணியாச்சு” என்று பில் போட்டால், எந்த போல்ட்டைத் திருகினீர்கள் என்று கேளுங்கள்.

வெளி ஓரம் மட்டும் தேய்ந்தால்

அதிக டோ-இன் (முன் சக்கரங்களின் முன்பக்க விளிம்புகள் உள்பக்கம் திரும்பி நிற்பது), அல்லது சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்திருக்கும் பாசிட்டிவ் கேம்பர். சோதனை மேலே சொன்னதுதான். ஆனால் அலைன்மென்ட் கடை தரும் அச்சுத்தாளில் எல்லாம் பச்சையாக, அதாவது சரியாக, இருந்தும் இரு முன் டயர்களின் வெளி ஓரமும் தேய்கிறது என்றால் சாலையையும் ஓட்டும் விதத்தையும் பாருங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. இப்படிப்பட்ட பாதையில் அடிக்கடி ஏறி இறங்கும் காரில் முன் டயரின் தோள் உருண்டையாகத் தேய்வது எதிர்பார்க்கக் கூடியதே. அத்தகைய காருக்கு 10,000 கி.மீ. வரை காத்திருக்காமல் 6,000-லேயே டயர்களை முன் பின்னாக இடம் மாற்ற வேண்டும். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்தாலும் தேய்வு கணிசமாகக் குறையும்.

கையால் தடவினால் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு

கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும் அறிகுறி இது. கம்பி நீட்டியிருந்தால் கிழித்துவிடும், அதனால் பட்டன்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தடவுங்கள். உள்ளங்கையை டயரின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளாக ஒருமுறை, உள்ளிருந்து வெளியாக ஒருமுறை நகர்த்துங்கள். ஒவ்வொரு பட்டன் வரிசையின் ஒரு விளிம்பு உருண்டையாகவும் மறு விளிம்பு கத்தி போலக் கூராகவும் இருக்கும். வெளியிலிருந்து உள்ளே போகும்போது வழவழப்பாகவும், உள்ளிருந்து வெளியே வரும்போது கூர் தட்டியும் இருந்தால் டோ-இன் அதிகம். தலைகீழாக இருந்தால் டோ-அவுட். இந்தக் கட்டத்திலேயே அலைன்மென்ட் செய்தால் டயர் பிழைத்துக்கொள்ளும்.

சுற்றிலும் குழி குழியாகத் தேய்ந்து ‘ஊம்’ என்ற இரைச்சல் வந்தால்

ஷாக் அப்சார்பர் போய்விட்டது. சக்கரம் சாலையில் ஒட்டியே ஓடாமல் சிறிது சிறிதாகக் குதிக்கிறது. விழும் இடத்தில் அழுந்தித் தேய்ந்து, எழும் இடத்தில் மேடாக நிற்கிறது. அந்த மூலையின் பானெட் அல்லது டிக்கி மேல் எடையைப் போட்டு அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி அமைந்தால் சரி. இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடினால் ஷாக் தீர்ந்துவிட்டது. இந்தச் சோதனையில் தேறினாலும் ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் அதுவும் மாற்ற வேண்டியதே. மாற்றும்போது இடம், வலம் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். பேலன்சிங் (சுற்றிலும் எடையைச் சமமாக்குவது) இல்லாத சக்கரமும் இதே குழிகளை உண்டாக்கும் என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் முடித்துவிடலாம்.

பின் டயரில் குழி இல்லாமல், ஒவ்வொரு பட்டனும் முன் விளிம்பில் உயர்ந்து பின் விளிம்பில் தாழ்ந்து ரம்பப் பல் போலத் தேய்ந்திருந்தால் அது ஷாக் கோளாறு அல்ல. முன் சக்கரம் இழுக்கும் கார்களில் பின் டயர்களை இடம் மாற்றாமல் நெடுநாள் ஓட்டியதால் வருவது. முன்னுக்கு மாற்றினால் சில ஆயிரம் கி.மீ.யில் ஓரளவு சமமாகும். அதுவரை சத்தம் முன்னால் கேட்கும், பயப்பட வேண்டாம்.

இந்த இரைச்சலையும் வீல் பேரிங் இரைச்சலையும் குழப்பிக்கொண்டு பேரிங் மாற்றிச் செலவு செய்தவர்கள் நிறைய. காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்தில் மெல்ல இடதும் வலதுமாக வளைத்து ஓட்டுங்கள். ஒரு பக்கம் வளைக்கும்போது மட்டும் சத்தம் கூடிக் குறைந்தால் பேரிங். வளைத்தாலும் மாறாமல், தார்ச் சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு ஏறும்போது மாறினால் டயர்.

ஒரே ஒரு இடத்தில் தட்டையாக இருந்தால்

பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ். இல்லாத பழைய காரில் சக்கரம் பூட்டிக்கொள்ளும்படி பிரேக் அடித்தால் ஒரு கையகல இடம் மட்டும் தேய்ந்துவிடும். இதற்கு மருந்து கிடையாது. மாதக்கணக்கில் நின்ற கார் கிளம்பும்போது ‘தடதட’ என்று அதிர்ந்தால் 15, 20 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். டயர் சூடானதும் வட்டத்துக்குத் திரும்பிவிட்டால் பிரச்சினை இல்லை. வெளியூர் போகிறவர்கள் காரை நிறுத்தும் முன் அழுத்தத்தைச் சரிபார்த்துவிட்டு, முடிந்தால் யாரையாவது வாரம் ஒருமுறை காரைச் சற்று நகர்த்தி வைக்கச் சொல்லலாம்.

தேய்வு சமமாக இருக்கிறது, ஆனால் அதிர்கிறது அல்லது இழுக்கிறது

80 முதல் 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் முன் சக்கரத்தில், இருக்கை நடுங்கினால் பின் சக்கரத்தில் பேலன்சிங் கோளாறு. ரிம்மில் ஒட்டியிருந்த ஈய வில்லை விழுந்த தடம் தெரிகிறதா பாருங்கள். பேலன்சிங் செய்தும் நிற்கவில்லையென்றால் ரிம் வளைந்திருக்கும். பேலன்சிங் இயந்திரத்தில் சுழலும்போது ரிம் விளிம்பு தள்ளாடுவது கண்ணுக்கே தெரியும்.

நேர்ச் சாலையில் கையை லேசாக விட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் முதலில் இரு முன் டயர்களின் அழுத்தத்தைச் சமமாக்குங்கள். தீரவில்லையா, முன் டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாவிட்டால் அலைன்மென்ட், அல்லது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக். ஓட்டி முடித்ததும் ஒரு சக்கரத்தின் ரிம் பக்கம் மட்டும் அனல் அடித்தால் பிரேக்தான். பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர்களில் மட்டும் இந்த இட-வல மாற்றத்தைச் செய்யக் கூடாது.

ஆழம் இருக்கிறது, ஆனால் வழுக்குகிறது

மாதம் 300 கி.மீ. மட்டும் ஓடி, மீதி நேரம் வெயிலில் நிற்கும் கார்களின் நோய் இது. பட்டன் 6 மி.மீ. இருக்கும், ரப்பரோ காய்ந்து இறுகிப்போயிருக்கும். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஒரு பக்கச் சுவரில் இந்த எண்கள் இல்லையென்றால் மறுபக்கம் இருக்கும். ஐந்து வருடம் தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி உள்ளும் புறமும் பார்க்க வேண்டும். பள்ளங்களின் அடியிலோ பக்கச் சுவரிலோ மயிரிழை வெடிப்புகள் ஓடினால் ஆழத்தைப் பார்க்காமல் மாற்றுங்கள். பத்து வருடம் ஆன டயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓட்டத் தகாது. டிக்கியில் தூங்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

இவற்றைக் கண்டால் அப்போதே நிறுத்த வேண்டும்

பக்கச் சுவரில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம்: பள்ளத்தில் அடிபட்டு உள் நூல்கள் அறுந்திருக்கின்றன, மேல் ரப்பர் மட்டும் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பட்டனிலோ ஓரத்திலோ நூல் அல்லது கம்பி தெரிவது. பக்கச் சுவரில் நூல் வரை இறங்கிய வெட்டு. பட்டனில் ஒரு பகுதி மட்டும் மேடாக எழும்பியிருப்பது. இந்த நான்கில் எதுவாக இருந்தாலும் ஸ்டெப்னியை மாட்டி மெதுவாகக் கடைக்குப் போங்கள். ஸ்டெப்னி மற்ற டயர்களைவிடச் சிறியதாக இருந்தால் அதன் மேல் 80 என்று வேக வரம்பு எழுதியிருக்கும், அதைத் தாண்டாதீர்கள்.

பஞ்சருக்கும் எல்லை உண்டு. பட்டன் பகுதியில் 6 மி.மீ.க்குள் இருக்கும் ஓட்டையை மட்டுமே ஒட்டலாம். தோளிலோ பக்கச் சுவரிலோ விழுந்த ஓட்டையை ஒட்டக் கூடாது. வெளியிலிருந்து குத்தும் பிசின் கயிறு ஊர் போய்ச் சேர உதவும்; பிறகு டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் பேட்ச் போட்டுக்கொள்வதே முறையான வேலை. காற்றில்லாமல் சில நூறு மீட்டர் ஓடிய டயரின் உட்பக்கத்தையும் அப்போது பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புத் தூளும் வட்டமான உரசல் தடமும் இருந்தால் அந்த டயர் வேண்டாம்.

அலைன்மென்ட் கடையில் கேட்க வேண்டியவை

செய்வதற்கு முந்தைய அளவு, பிந்தைய அளவு இரண்டும் உள்ள அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். வேலை தொடங்கும் முன் நான்கு டயரிலும் காற்று சரிபார்க்கப்பட்டதா என்று நின்று கவனியுங்கள். வரிசை இது: பின் சக்கரத்தைத் திருத்த முடியுமானால் முதலில் அது, பிறகு முன் கேம்பர், கடைசியில் முன் டோ. கேம்பரைத் தொட்டால் டோ தானாக மாறிவிடும் என்பதால் டோ எப்போதும் இறுதி வேலை. டோவைத் திருத்தும்போது இரு பக்க டை ராடையும் திருக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திருகினால் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். முடிந்ததும் லாக் நட்டை இறுக்கினார்களா என்று பாருங்கள்.

இடம் மாற்றுவதும் புதிது போடுவதும்

முன் சக்கரம் இழுக்கும் காரில் முன் டயர்கள்தான் இழுக்கின்றன, திரும்புகின்றன, பிரேக்கின் பெரும்பங்கையும் தாங்குகின்றன. அதனால் அவை பின்னவற்றைவிடச் சீக்கிரம் தேய்வது பழுதல்ல. 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன் இரண்டையும் நேராகப் பின்னுக்கும், பின் இரண்டையும் குறுக்காக மாற்றி முன்னுக்கும் கொண்டுவாருங்கள். அம்புக்குறி உள்ள டயரை அந்தந்தப் பக்கத்திலேயே முன் பின்னாக மட்டும் மாற்ற வேண்டும். ஓரம் தேயும் கோளாறு இருக்கும்போது இடம் மாற்றினால் நான்கு டயரும் கெடும். முதலில் கோளாறைத் தீர்த்துவிட்டு மாற்றுங்கள்.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்னால் போடுவதுதான் கடைகளில் வழக்கம், பலர் வற்புறுத்தவும் செய்வார்கள். ஆனால் ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் மறுபடி பிடிக்குள் வரும். பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். சாதாரண ஓட்டுநரால் அதை மீட்க முடியாது.

அளவில் 185/65 ஆர்15 88 எச் என்றிருந்தால் அந்த 88 ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதையும், எச் மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும் என்பதையும் குறிக்கிறது. மாற்று அளவு போடும்போதும் எடைக் குறியீடு கார் கம்பெனி கொடுத்ததைவிடக் குறையவே கூடாது. பழைய டயர் கடையில் வாங்குவதைத் தவிர்த்துவிடுங்கள். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளம் வெட்டி ஆழம் காட்டி விற்பது நடக்கிறது. பள்ளத்தின் அடியில் அந்த ரப்பர் மேடுகளே இல்லாமல் ஒரே சீராக இருந்தால் அது வெட்டிய டயர், அடியில் கம்பியை மூடியிருப்பது மெல்லிய தோல் அளவு ரப்பர்தான்.

புது டயரின் மேல் அச்சிலிருந்து ஒட்டிவந்த பூச்சு இருக்கும். முதல் 200, 300 கி.மீ. வரை வளைவிலும் பிரேக்கிலும் நிதானம் வேண்டும். நட்டுகளைக் குறுக்கு வரிசையில், கார் கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் வீல் ஸ்பேனரால் ஒருமுறை சரிபாருங்கள். பிறகு 2,000 கி.மீ.யில் உள், நடு, வெளி மூன்றையும் மறுபடி அளந்து பழைய தாளோடு சேர்த்து வையுங்கள். அப்போதே உள்ளுக்கும் வெளிக்கும் அரை மி.மீ. வித்தியாசம் தெரிந்தால் கோளாறு இன்னும் காரில் இருக்கிறது. அச்சுத்தாளை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போய் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.